வழக்கில்லாத பேய் தமிழில் உண்டா?

கச்சான்காவல் (ஒட்டுசுட்டான்)

வணக்கம். நேராகக் கேள்விக்கு வருகிறேன். தனக்கு நடந்த அநியாயத்துக்குப் பழிதீர்க்க வராத பேய் ஒன்று தமிழ்க் கதைகளிலோ நாவல்களிலோ படங்களிலோ எங்காவது இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது கச்சான் (நிலக்கடலை) காவல் காலம். இரவில் பரணில் இருப்பவனுக்கு உறங்காமல் இருப்பதுதான் வேலை. பன்றி வந்தால் தகரத்தில் தட்ட வேண்டும், யானை வந்தால் வெடி போட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா குந்தியிருப்பதுதான். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை ஆங்கிலத்திலேயே வாசித்து முடித்தேன். 1897இல் வெளிவந்த நாவல். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த நாவலைத் தெரியாது என்று துணிந்து சொல்வேன். கடைசியில் இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் நெஞ்சில் மர ஆப்பு அடிப்பதில்லை. ஒருவன் கூர்க்காக் கத்தியால் கழுத்தை அறுக்கிறான், இன்னொருவன் வேட்டைக் கத்தியை நெஞ்சில் இறக்குகிறான். பகலில் இலண்டன் தெருவில் நடமாடுகிறான், வெயில் பட்டுச் சாம்பலாவதில்லை. பெரிய மீசையும் வைத்திருக்கிறான்.

முதல் நான்கு அத்தியாயங்கள் அவனுடைய கோட்டைக்குப் போகும் வழியிலும் கோட்டையிலும் நடக்கின்றன. அதற்குப் பிறகு ஆளைக் காண்பதே அரிது. மற்றவர்களின் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு ஆகியவற்றை ஒட்டி ஒட்டித்தான் கதை நகர்கிறது. அதிலும் டிமீட்டர் என்ற கப்பலின் தலைவன் எழுதிய குறிப்பு இருக்கிறதே, அதை நடுச்சாமத்தில் பரணில் இருந்து வாசித்துப் பாருங்கள். வர்ணா துறைமுகத்தில் புறப்படுகிறது கப்பல். சரக்கு என்று பார்த்தால் மணலும் மண் நிறைந்த பெட்டிகளும். மாலுமிகள் காரணம் சொல்லாமல் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவனைக் காணவில்லை. பிறகு இன்னொருவனை. உயரமான, மெலிந்த ஓர் ஆளைக் கண்டதாக ஒருவன் சொல்கிறான். தலைவன் கப்பலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சோதிக்கிறான், எதுவும் அகப்படவில்லை. துணைத்தலைவன் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்குக் கீழே இறங்குகிறான், அலறிக்கொண்டு மேலே வந்து கடலில் குதித்துவிடுகிறான். கடைசியில் தலைவன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு, சிலுவையையும் சேர்த்துப் பிடித்தபடி செத்துப்போகிறான். கப்பல் இங்கிலாந்தின் விட்பி துறைக்குள் புயலோடு வந்து மோதுகிறது. ஒரு பெரிய நாய் பாய்ந்து இறங்கி ஓடுகிறது. இவ்வளவு நடந்தும் அந்தக் குறிப்பில் டிராகுலா என்ற பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை.

அவனுக்கு எதற்காக இந்த வெறி? நாவலில் காரணமே கிடையாது. அவன் குடும்பத்தை யாரும் கொல்லவில்லை, காணியை யாரும் பிடிக்கவில்லை. இலண்டனில் சனம் அதிகம், அதனால் போகிறான்.

இப்போது எங்கள் பேய்ப் படங்களை எடுத்துப் பாருங்கள். முதற்பாதியில் கதவு தானாக அடிபடும், குழந்தை சுவரைப் பார்த்துப் பேசும். இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக். 'காஞ்சனா'வில் (2011) காணிப் பிரச்சினை, கொலை. 'அரண்மனை'யில் (2014) ஏமாற்றிக் கொல்லப்பட்ட பெண். 'சந்திரமுகி'யில் (2005) உண்மையில் பேயே இல்லை, இருந்தும் வேட்டையனிடம் கணக்குத் தீர்க்கும் கதையை விடவில்லை. பிளாஷ்பேக் தொடங்கினால் என் பயம் போய்விடுகிறது. பேயின் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். எங்கள் பேய்களுக்குத் தேவை பூசாரி அல்ல, நல்லதொரு சட்டத்தரணி.

வழக்கில்லாத பேய் ஒன்று வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: "வன்னியில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் வாசிக்கிறாய், பட்டது போதாதா" என்று யாரும் எழுத வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

பரந்தன்பொடியன்

அண்ணை, தமிழில் எனக்கு உடனே எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது தமிழ்ப் படத்தின் நோய் மட்டுமல்ல. ஹொலிவூட்டிலும் இதே கதைதான். பேட்மேன் படமான 'த டார்க் நைட்' (2008) வில்லன் ஜோக்கரைப் பாருங்கள். தன் வாயில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று ஒருவனிடம் ஒரு கதை சொல்கிறான், இன்னோர் இடத்தில் வேறு கதை சொல்கிறான். பிளாஷ்பேக் கேட்கும் எங்களைத்தான் நக்கல் அடிக்கிறான். பிறகு 2019இல் 'ஜோக்கர்' என்று முழுப்படமே பிளாஷ்பேக்காக வந்தது. எனக்கு அந்தப் படமும் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனித மாமிசம் தின்னும் கொலைகாரன் ஹனிபல் லெக்டரும் அப்படித்தான். 'த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்' நாவலில் (1988) அவனை ஆராய்ந்து விளக்க முயல்பவர்களை அவன் பொருட்படுத்துவதே இல்லை. பின்னர் 2006இல் அதே எழுத்தாளர் அவனுடைய சிறுவயது, போர், தங்கைக்கு நடந்த கொடுமை என்று தனி நாவல் எழுதிக் காரணம் கொடுத்துவிட்டார்.

வழக்கில்லாத கதை வேண்டுமானால் 'டெத் நோட்' என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) வாசியுங்கள் (2003 முதல் 2006 வரை தொடராக வந்தது). ரியுக் என்ற மரணதேவன் தன் குறிப்பேட்டைப் பூமியில் போடுவதற்குக் காரணம் என்ன தெரியுமா? அலுப்பு. அவ்வளவுதான். அதை எடுக்கும் பையனும் வகுப்பில் முதலாவதாக வருபவன், யாராலும் பாதிக்கப்படாதவன். யாருடைய பெயரை எழுதினாலும் அவர் செத்துவிடுவார் என்று தெரிந்ததும் எழுதத் தொடங்கிவிடுகிறான்.

மீசை விடயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். டிராகுலா கதையைத் தழுவிய 2024 'நொஸ்பெராட்டு' படம் வந்தபோது பேய்க்கு மீசையா என்று என் நண்பர்கள் சிரித்தார்கள். இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மல்லாவி வாசகி

நல்ல கேள்வி, தம்பி. ஆனால் டிராகுலாவை இவ்வளவு சுலபமாக விட முடியாது. நாவலின் பிற்பகுதியில் அவனைச் சுற்றி வளைக்கும்போது, தன் பழிவாங்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று வாய்விட்டே சொல்கிறான். அப்படியிருக்க, பழி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? அதைவிட முக்கியம் மினா. அவனிடம் கடிபட்டவள் அவள். அவளே அவனைத் துரத்தும் ஆண்களைப் பார்த்து, அவன் மீது வெறுப்பு வேண்டாம், இத்தனை துன்பத்தையும் செய்த அந்த ஆன்மாதான் எல்லோரிலும் இரங்கத்தக்கது என்கிறாள். கடைசிக் கணத்தில் அவன் முகத்தில் ஓர் அமைதி தெரிந்ததாகவும் அவளே எழுதுகிறாள். வழக்கு இல்லைதான், ஆனால் அவனுக்காக இரங்குபவள் ஒருத்தி இருக்கிறாள். 1992இல் கொப்போலா எடுத்த படம் இந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் மனைவியின் தற்கொலை, கடவுள் மறுப்பு, நூற்றாண்டு கடந்த காதல் என்று பெரிய வழக்கையே கட்டியது. படம் அழகு. பயம் மட்டும் இல்லை.

இதற்கு நேரெதிராக நடந்ததும் உண்டு. மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' (1818) நாவலில் அந்தப் படைப்புப் பேசும். சும்மா பேச்சல்ல, மறைந்திருந்து ஒரு குடும்பத்தைப் பார்த்து மொழி கற்று, மில்டனை வாசித்து, தன்னை உண்டாக்கியவன் முன்னால் நின்று பக்கம் பக்கமாக வாதாடும். உலக இலக்கியத்தில் அதைவிடத் திறமாக வழக்காடிய பூதம் எனக்குத் தெரிந்து இல்லை. 1931 படத்தில் போரிஸ் கார்லொவ் நடித்தபோது அதன் வாயைக் கட்டிவிட்டார்கள், உறுமல் மட்டும் மிஞ்சியது. வழக்கு இல்லாதவனுக்கு வழக்குக் கொடுப்பதும், உள்ளவனிடமிருந்து பறிப்பதும் சினிமாவுக்குப் பழக்கம்.

இந்த நாவலைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்திருக்கிறார். அவருடைய 'காஞ்சனை' சிறுகதைதான் உங்கள் கேள்விக்கு என் பதில். (படம் அல்ல, கதை. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்.) கதைசொல்லி ஓர் எழுத்தாளர். வீட்டுக்கு வரும் ஒரு பிச்சைக்காரியை அவருடைய மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் யார், எதற்கு வந்தாள் என்று முடிவிலும் தீர்ப்பு வராது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் புதுமைப்பித்தன் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பேய் இல்லாத இருட்டு வேண்டுமானால் ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. அங்கங்கள் குறைந்த மனிதர்களை வைத்துப் பிச்சை எடுப்பிக்கும் பண்டாரம் அவர்களை 'உருப்படி' என்று எண்ணிக் கணக்குப் பார்க்கிறார். வீட்டுக்குப் போனால் மகள்மார் மீது உயிரையே வைத்திருக்கும் தகப்பன். கோயில் குளம் தவறாதவர். அவருக்கும் பிளாஷ்பேக் கிடையாது. நான் அந்த நாவலை இரண்டு தரம் இடையில் மூடி வைத்தேன்.

முள்ளியவளையான்

பிள்ளைகளே, ஊருக்குள் இருப்பதை விட்டுவிட்டு உலகமெல்லாம் தேடுகிறீர்கள். முனியை மறந்துவிட்டீர்களா?

எங்கள் காலத்தில் உச்சிவேளையில் பெரிய புளியமரத்தடியால் போகாதே என்பார்கள். முனி ஓடும் பாதையில் வீடு கட்டாதே என்பார்கள். ஒருவன் காய்ச்சலில் விழுந்து பிதற்றினால் முனி அடித்துவிட்டது என்று பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். அது ஏன் அடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ ஏன் அங்கே போனாய் என்றுதான் கேட்பார்கள். முனிக்கு முற்பிறப்பும் இல்லை, முறைப்பாடும் இல்லை. அது அங்கே இருக்கிறது, நீ குறுக்கே போனாய், முடிந்தது. தம்பி கேட்ட பேய் இதுதான்.

வழக்குள்ள பேயும் எங்களிடம் பழையதுதான். பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையின் முன்னால் வந்து நியாயம் கேட்கிறாள். சபையும் நம்பி, பயந்து நிற்கும் அவனை அவளோடு அனுப்பிவிடுகிறது. அவனுக்கு உயிராபத்து வந்தால் நாங்கள் தீக்குளிப்போம் என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் அப்படியே செய்தார்கள் என்பது கதை. பேய் சபையேறி வழக்குப் பேசி வென்றிருக்கிறது, பாருங்கள்.

கண்ணகியைப் பேயோடு சேர்க்க மாட்டேன், அவள் தெய்வம். ஆனால் கதையின் எலும்பு ஒன்றுதான். அநியாயம், சபை, வழக்குரை, நெருப்பு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே வழக்குரை காதை என்று பெயர். வைகாசியில் கடல்நீரில் விளக்கெரித்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் நாங்கள். கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்த சனம். பேய்ப்படத்திலும் நியாயம் தேடுவது எங்கள் இரத்தத்தில் ஊறியது. அதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

ஸ்காபரோ சிவம்

சிறிய கருத்து ஒன்று. டிராகுலா ஐம்பது பெட்டிகளில் தன் ஊர் மண்ணைக் கொண்டுதான் இலண்டனுக்குப் போகிறான். அந்த மண்ணில்தான் அவனால் உறங்க முடியும். இங்கே பனிக்குள் இருந்து வாசித்தபோது எனக்கு அவனை வெறுக்க முடியவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் நாவல் அது என்றே சொல்வேன்.

கச்சான்காவல் (ஒட்டுசுட்டான்)

எல்லோருக்கும் நன்றி. இரவில் மழை, பரணில் இருக்க முடியவில்லை, அதனால் பதில் தாமதம்.

சிவம் அண்ணை, கோபிக்க வேண்டாம். அவன் அகதியாகப் போகவில்லை. முன்கூட்டியே சட்டத்தரணியை வரவழைத்து, வீட்டு உறுதி எழுதி, ஆங்கிலம் பழகி, பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் போன நிலப்பிரபு. எங்கள் ஆட்களில் யார் அப்படி வசதியாக வெளிக்கிட்டோம்? உறங்க முடியாத பகுதி மட்டும் சரி.

வாசகி அக்கா, அந்தப் பழிவாங்கல் வசனம் சரிதான். ஆனால் அவன் அதை எப்போது சொல்கிறான்? அவனைத் துரத்தும் இவர்கள் அவனுடைய மண்பெட்டிகளைத் தேடித் தேடிப் பழுதாக்கிய பிறகு. அது இவர்கள் மீதான கோபம். இலண்டனுக்கு வந்த காரணம் அல்ல. வீட்டுக்குள் புகுந்த கள்ளனை அடித்தால் கள்ளனும்தான் பழிவாங்குவேன் என்பான். மினாவின் இரக்கம் வேறு விடயம், அதில் உங்களோடு வாதாட மாட்டேன். அவள் இரங்குவது அவளுடைய பெருமை, அவனுடைய நியாயம் அல்ல. இன்னொன்று, அந்த நாவலில் அவனை வெல்வதே மினாவின் தட்டச்சுத்தான். சிதறிக் கிடந்த குறிப்புகளையெல்லாம் திகதி வாரியாக அடித்துப் பிரதி எடுத்து வைக்கிறாள். அவன் வந்து மூலத்தை எரித்தும் ஒரு பிரதி பெட்டகத்தில் தப்பிவிடுகிறது. ஆண்கள் கத்தியோடு ஓடித் திரிவதைத்தான் படங்கள் காட்டுகின்றன.

முள்ளியவளை ஐயா, முனியை நினைவூட்டியதற்குக் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2007இல் 'முனி' என்றே ஒரு படம் வந்தது. அதில் முனி என்பது முனியாண்டி என்ற மனிதர். அரசியல்வாதியால் ஏமாற்றிக் கொல்லப்பட்டவர், ஒருவனுடைய உடம்பில் ஏறிப் பழிதீர்க்கிறார். முறைப்பாடே இல்லாத முனிக்கும் வழக்குப் போட்டுக் கொடுத்துவிட்டோம்! அதனால்தான் கேட்கிறேன்: புளியமரத்து முனியை அப்படியே, காரணம் சொல்லாமல், யாராவது நாவலாக எழுதியிருக்கிறார்களா? தண்ணிமுறிப்பு எங்களுக்குக் கிட்டத்தான். அந்தப் பின்னணியில் அ. பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி' எழுதினார். காடும் மழையும் குளமும் அதில் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன. அது இருட்டுக் கதை அல்ல, பதஞ்சலி என்ற பெண்ணின் கதை. அதே காட்டை இரவில் வைத்து ஒருவர் எழுதினால் போதும், நான் ஸ்டோக்கரை மூடிவிடுவேன்.

மல்லாவி வாசகி

தம்பி, பெட்டி உடைத்த பிறகு வந்த கோபம் என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். மற்றதை அல்ல.

நீங்கள் எழுத வேண்டாம் என்று தடுத்ததைத் தொட்டும் தொடாமலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாமியார் 'காஞ்சனா'வை எப்போது போட்டாலும் பார்ப்பார். பயந்து பார்த்ததை நான் கண்டதில்லை. கடைசியில் வில்லன் அகப்படும் இடம் வரும்போது மட்டும் கதிரையை முன்னால் இழுத்துக்கொள்வார். வழக்குப் போட்டவளுக்கு இரண்டரை மணித்தியாலத்தில் தீர்ப்புக் கிடைக்கிறது. பதிவு செய்த இடங்களிலெல்லாம் பதிவு செய்து, கூப்பிட்ட விசாரணைக்கெல்லாம் போய் வந்த மனுசி அவர். எங்களுக்குத்தான் அந்தப் படம் பேய்ப்படம். அவருக்கு அல்ல.

ஆகையால் வழக்குள்ள பேயை மட்டமாக எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். கலையாகப் பார்த்தால் உங்கள் பக்கம்தான் நானும் இருக்கிறேன். முனியைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கும் தெரியவில்லை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வாசித்துவிட்டீர்களா? பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வார்கள். முடித்த பிறகும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. முனிக்கு ஈடாகாது, ஆனாலும் பரணுக்கு ஏற்ற நாவல்.

கச்சான்காவல் (ஒட்டுசுட்டான்)

அக்கா, மாமியாரைப் பற்றி எழுதியதற்குப் பதில் இல்லை. இருக்கட்டும்.

'கொலையுதிர் காலம்' வாசித்திருக்கிறேன். பாடசாலை நாட்களில், அட்டை கிழிந்த பிரதி. முதலில் 'காஞ்சனை'. அதன் பிறகு 'பிரேத மனிதன்' எங்காவது அகப்பட்டால் அது. 'ஏழாம் உலகம்' வீட்டில் பகலில் வாசிக்கிறேன், பரணில் வேண்டாம். பொடியா, உன் 'டெத் நோட்'டையும் பார்க்கிறேன். ஆனால் 2019 ஜோக்கரை மட்டும் என்னிடம் கொண்டு வராதே. அந்தச் சிரிப்புக்கு நோய் என்று மருத்துவக் காரணம் கொடுத்த அன்றே ஜோக்கர் செத்துவிட்டான்.

பரந்தன்பொடியன்

அண்ணை, அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்த நோயை எழுதிய அட்டையைப் பஸ்ஸில் ஒரு தாயிடம் நீட்டுகிறானே, அந்தக் காட்சி ஒன்றுக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். இது இங்கே முடியாது. தனித் தலைப்புத் தொடங்குகிறேன், மழை விடுவதற்குள் வாருங்கள். முள்ளியவளை ஐயா, நீங்களும்.